‘சோத்தைக் குறை’ என்றால், எதைக் கூட்டுவது?

‘சோத்தைக் கொறைம்மா. இல்லாட்டி சர்க்கரை திரும்ப வந்துடும்.’

கர்ப்பத்தில் சர்க்கரை கண்ட பெண், பிள்ளை பெற்று வீடு திரும்பும்போது கேட்கிற அறிவுரை பெரும்பாலும் இவ்வளவுதான். கூடவே ஒரு தாள் கிடைத்தால் அதில் ஓட்ஸ், பாதாம், ஆப்பிள், கொழுப்பு நீக்கிய பால் என்று அச்சடித்திருக்கும். காசிமேட்டில் மீன் அறுக்கிறவளுக்கும், ராயபுரத்தில் தெருக் கூட்டுகிறவளுக்கும், எண்ணூர்க் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவளுக்கும் அந்தத் தாளில் இடமில்லை. சோற்றைக் குறைக்கலாம். குறைத்த இடத்தில் எதை வைப்பது? இதற்குப் பதில் சொல்லாத அறிவுரை, அந்தப் பெண்ணின் மேல் வாசிக்கப்படும் குற்றப்பத்திரிகை.

இப்படிச் சொல்வதால் மருத்துவ அறிவை நாம் உதறித் தள்ளுவதாக யாரும் எண்ண வேண்டாம் தோழர்களே. அந்த அறிவு நமக்கு வேண்டும். அரைகுறையாக அல்ல, முழுசாக வேண்டும்.

கர்ப்ப காலத்தில் நஞ்சிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கின்றன. அதை ஈடுகட்ட உடம்பு கூடுதல் இன்சுலின் சுரக்க வேண்டும். முடியாதபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. பிரசவத்தில் நஞ்சு விழுந்ததும் பெரும்பாலானவர்களுக்கு இறங்கிவிடும். ‘போயிடுச்சு’ என்று வீட்டில் நிம்மதி. ஆனால் அது போகவில்லை, பதுங்கியிருக்கிறது. 13 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைத் தொகுத்து 2020இல் வெளிவந்த ஆய்வு, கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் பத்து மடங்கு என்கிறது. பிறந்த பிள்ளைக்கும் ஆபத்து கூடுதல். இதை எத்தனை பெண்களிடம் சொல்லியிருக்கிறார்கள்?

இத்தனைக்கும் இந்தத் துறையில் உலகத்துக்கு வழிகாட்டிய ஊர் சென்னை. இங்கே டாக்டர் வீ. சேஷய்யாவும் அவருடன் இருந்தவர்களும் எளிய சோதனை ஒன்றை முன்வைத்தார்கள். வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. இது சின்ன விஷயமில்லை. கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வருகிறவளைப் பட்டினியாக உட்கார வைக்காத சோதனை அது. 2007இல் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைச் சோதனை என்று தமிழக அரசு முடிவெடுத்தது. 2008இல் வெளியான சேஷய்யா குழுவின் கணக்குப்படி நகரத்தில் நூற்றுக்கு 17.8 கர்ப்பிணிகளுக்கும், கிராமத்தில் 9.9 பேருக்கும் சர்க்கரை இருந்தது. ஆக, மனசு வைத்தால் மருத்துவம் ஏழைப் பெண்ணின் நாளுக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கும். சோதனை வளைந்தது. சாப்பாட்டு அறிவுரை மட்டும் ஏன் வளைய மாட்டேன் என்கிறது?

பிரசவமான ஆறாவது வாரம் தாய்க்கு மறுபடியும் இதே சோதனை செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறியே சொல்கிறது. அதே ஆறாவது வாரம்தான் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள். ஊசிக்கென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வந்து நிற்கிறாள். பிள்ளைக்கு ஊசி போட்டு அட்டையில் குறிக்கிறார்கள். தூக்கி வந்தவளைப் பார்த்து ‘உன் சர்க்கரை என்னாச்சு’ என்று கேட்க அந்த அட்டையில் ஒரு கட்டம்கூட இல்லை. பிள்ளை வெளியே வந்ததும் பெண்ணுடம்பின் கணக்கு முடிந்துபோகிறதா?

அடுத்து, பழி யார் மேல்? ‘வாயைக் கட்டலை’ என்று பெண்ணைத்தான் ஏசுகிறார்கள். ஆனால் தாய் வயிற்றிலேயே ஊட்டம் கிடைக்காமல் எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் அதிகம் வருவதை இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் போன்றவர்கள் எடுத்துக்காட்டினார்கள். நம் நாட்டுக் குழந்தைகள் எடை குறைந்து பிறந்தாலும் உடம்பில் கொழுப்பு கூடுதலாக இருப்பதைப் புனேயில் டாக்டர் யாக்னிக் குழு கண்டது. பண்ணையில் கஞ்சிக்குக் காத்துக் கிடந்த பாட்டியின் பசி, பேத்தியின் ரத்தத்தில் சர்க்கரையாக ஏறி நிற்கிறது. இதில் நாக்கைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

ரேஷன் கடைக்கு வாருங்கள். 2011 முதல் அரிசி இலவசம். அந்த அரிசி நம் பசியைத் தீர்த்தது. அதை ஏளனம் செய்கிற வயிறு நிறைந்த கூட்டத்தோடு நாம் சேர மாட்டோம். ஆனால் கார்டுக்குக் கிலோக் கணக்கில் அரிசி, அதோடு சர்க்கரை, பாமாயில் என்று தருகிற அரசு, பருப்பை ஒரு கிலோவோடு நிறுத்திக்கொண்டு ‘சோத்தைக் குறை’ என்று சொல்லலாமா? 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். திருவொற்றியூர்க்காரிக்கு அது ஏன் எட்டவில்லை?

கடை தராததைக் கடலும் கழியும் தந்தன. இறால், நண்டு, மட்டி, மத்தி, நெத்திலி, பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாப் புட்டு. காசு அதிகமில்லாமல் கிடைத்த புரதம் இது. அந்த எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கலந்து வந்து வலையையும் படகையும் பிடிபாட்டையும் கறுப்பாக்கியது. கழியைச் சாகடித்துவிட்டு ‘மீன் சாப்பிடு’ என்பது எந்த நியாயம்?

இன்னொன்று. மாட்டுக்கறி எந்தத் தாளிலாவது அச்சாகியிருக்கிறதா? போட்டி, சுவரொட்டி என்ற பெயர்களை எழுத அந்தப் பேனா கூசுகிறது. கொழுப்பு குறைந்த மாட்டுக்கறியில் புரதமும் இரும்புச்சத்தும் நிறைய. ரத்தச் சர்க்கரையை அது ஏற்றுவதில்லை. எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் குழம்பாகவோ வறுவலாகவோ அளவோடு சாப்பிடலாம் என்று சொல்ல என்ன தயக்கம்? மருத்துவத் தாளுக்குள் ஒளிந்திருக்கும் சாதி இது. நம் அடுப்பைப் பார்க்காதவர்கள் நம் உடம்பை எப்படிப் பார்ப்பார்கள்?

வெறும் பாடம் போதாது என்பதற்கு ஆய்வுச் சாட்சியும் உண்டு. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 19 மருத்துவமனைகளில், கர்ப்பத்தில் சர்க்கரை வந்த 1,612 பெண்களிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு ஓராண்டு உணவு, உடற்பயிற்சி அறிவுரை. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நிலை மோசமானது. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கொரோனாவும் குறுக்கே வந்தது உண்மைதான். ஆனால் சென்னையிலேயே டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், விடாமல் தொடர்ந்த வழிகாட்டல் சர்க்கரை நோயை 28.5 சதம் குறைத்தது. அந்த 531 பேரில் பெரும்பாலோர் ஆண்கள், மாதச் சம்பளக்காரர்கள். கைப்பிள்ளையோடு இருக்கிற, கூலி நிச்சயமில்லாத பெண் அந்த நிலையிலா இருக்கிறாள்?

கூலியும் நேரமும் இல்லாமல் ஊட்டச்சத்து ஏது? 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். 13ஆம் தேதி இரவு போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு அறிவித்தவற்றில் இலவசக் காலை உணவும் ஒன்று. உணவு தருவதை நாம் வேண்டாம் என்கவில்லை. வேலைக்கு உத்தரவாதம் கேட்டவர்களுக்குப் பொட்டலம்தான் பதிலா என்று கேட்கிறோம். தன் கூலியில், தன் ருசிக்கு, தன் நேரத்தில் சமைத்துத் தின்ன முடிகிற பெண்தான் எந்த உணவுப் பட்டியலையும் கடைப்பிடிக்க முடியும். 1928இலேயே பம்பாய் சட்டசபையில் மகப்பேறு நல மசோதாவுக்காகப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு தருவது நாட்டின் நலன், அதன் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்றார். 1929இல் அது சட்டமானது. பின்னாளில் சர்க்கரை நோயால் அவரே வதைபட்டார். அந்த வாதத்தை இன்று நாம் தொடர வேண்டும்.

எனவே நாம் கேட்பது: குழந்தையின் ஆறாவது வார ஊசி நாளிலேயே தாய்க்கும் சர்க்கரைச் சோதனை. அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை வீடு தேடி வந்து சோதனை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் நடக்கிறதே, அதன் பட்டியலில் இந்தத் தாய்மார்களின் பெயரும் ஏறட்டும். வடசென்னை ரேஷனில் கூடுதல் பருப்பும் கேழ்வரகும் பயறும். காண்ட்ராக்ட் பெண்களுக்கும் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு.

கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். மாணவத் தோழர்களே, உங்கள் தெருவில் பிள்ளை பெற்ற பெண்களோடு போய் உட்காருங்கள். பாடம் நடத்தாதீர்கள். ‘நேத்து ராத்திரி என்ன ஆக்குனீங்க’ என்று முதலில் கேளுங்கள். அந்தச் சாப்பாட்டிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம். தட்டில் பாதி கீரையும் காயும், கால்வாசி மீனோ கறியோ முட்டையோ பயறோ, கால்வாசி சோறு. முருங்கைக்கீரை போதும், ப்ரோக்கோலி தேட வேண்டாம். கேழ்வரகு நல்லது, ஆனால் சொம்பு சொம்பாகக் கூழ் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். டீயில் சர்க்கரையைக் குறைக்கலாம். தாய்ப்பால் கொடுப்பது பிள்ளைக்கு மட்டுமல்ல, தாய்க்கும் காப்பு. மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது. இதையெல்லாம் அவர்கள் வாய்மொழியிலேயே எழுதி, அவர்களிடமே படித்துக்காட்டித் திருத்துங்கள். வீட்டு ஆண்களையும் கூட உட்கார வையுங்கள். எல்லோரும் தின்ற பிறகு சட்டியில் மிஞ்சிய சோறுதான் அவளுக்கு என்கிற வழக்கம் இருக்கும்வரை கறித்துண்டு அவள் தட்டுக்கு வராது.

ஆறாவது வாரம் அவளோடு ஒருவர் துணைக்குப் போங்கள். ‘சோத்தைக் குறை’ என்று அங்கே யாராவது சொன்னால், நீங்களும் அவளோடு சேர்ந்து கேளுங்கள்:

‘சரி, கொறைக்கிறோம். எதைக் கூட்டித் தரப்போறீங்க?’