இதுவும் ஓர் ஆற்றுப்படை

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களையை நாம் ஆண்டுதோறும் பாடஞ்சொல்கிறோம். குப்பைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, அயலார் காணாதபடி கதவடைத்து, சுற்றத்தோடு உண்ணும் இசைக்குடி அது. இசை இருந்தும் அவ்வீட்டில் சோறில்லை. கலை மட்டும் பசி தீர்க்காது. கலைஞனைத் தாங்கும் கையும் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கை பாலர் நாடகக் குழுக்களாக வந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். தி.க. சண்முகம் ஆறு வயதில் அதில் சேர்ந்தார். தந்தையை இழந்த எம்.ஜி. இராமச்சந்திரனும் குடும்ப வறுமையால் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குச் சென்றவரே. உணவும் உறைவிடமும் பாட்டுப் பயிற்சியும் அங்கு ஒருங்கே கிடைத்தன. ஆயின் பிள்ளை வீட்டையும் பள்ளியையும் பிரிய நேர்ந்தது. அவ்விலையை இன்று எக்குழந்தையிடமும் கேட்டல் தகாது.

இன்று அரசு அக்கையை நீட்டியுள்ளது. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட இசைப்பள்ளிகளுள் ஒன்று விருதுநகரில் உள்ளது. மூன்றாண்டுப் படிப்பு, உதவித்தொகையும் உண்டு. நாகசுரம், தவில், தேவாரம் பயில எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். படிப்பை இடையில் விட்டவர்க்கும் கதவு திறந்திருக்கிறது.

ஆனால் திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கருவேலமரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் எத்தனை வீடுகளுக்கு இப்பள்ளி தெரியும்? தெரிந்தாலும், அருப்புக்கோட்டையைக் கடந்து நாள்தோறும் சென்றுவர எத்தனை பேரால் இயலும்? ஆதலின், பள்ளி செல்லும் பிள்ளைகளுக்காகத் திருச்சுழியிலேயே வாரம் இரு மாலை இசைவகுப்பு நடத்த வேண்டும். கருவியை இரவல் தர வேண்டும். சுண்டலேனும் வழங்க வேண்டும். பசித்த வயிற்றில் சுரம் நில்லாது.

"இக்கலை நமக்கு உரியதா?" எனத் தயங்குவோர்க்கு ஷேக் சின்ன மௌலானாவின் வாழ்வே விடை. திருவரங்கத்தில் நாகசுரப் பயிற்சிக்கென 1982-இல் ஆசிரமம் நிறுவிய பெருந்தகை அவர். சுரம் சாதி கேட்பதில்லை, சமயமும் கேட்பதில்லை.

பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படை. கல்வி என்னும் பரிசில் பெற்ற நம் மாணவர், விடுமுறையில் ஊர் செல்லுங்கால் ஒரு வீட்டுக்கேனும் இவ்வழியைச் சொல்வாராக. அதுவே நாம் கற்ற தமிழுக்குப் பயன்.