பழம்பெயர் பேணல்

தரவுத்தள மென்பொருளின் புதிய பதிப்பு, பழைய அமைப்புக் குறிப்புகள் யாவற்றையும் என்றும் ஏற்றல் வேண்டும் என்பர் ஒரு சாரார். இக்கூற்றுப் பாதியே உண்மையென்பது நம் துணிபு.

போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருளை நோக்குவோம். வரிசைப்படுத்தும் வேலைக்குரிய நினைவகத்தின் அளவைக் குறித்த 'சார்ட் மெம்' என்னும் பெயர், 2005-இல் வெளிவந்த 8.0 பதிப்பில் 'வொர்க் மெம்' என மாறிற்று. ஆயினும் பழம்பெயரை அம்மென்பொருள் இன்றும் ஏற்கின்றது. இது முறையே.

2019-இல் வெளிவந்த 12-ஆம் பதிப்போ, 'ரெக்கவரி கான்ஃப்' என்னும் தனிக் கோப்பை நீக்கி, அதன் குறிப்புகளைப் பொதுக் கோப்பிற் சேர்த்தது. பழைய கோப்பு எஞ்சியிருக்கக் காணின், சர்வர் காரணங்கூறி இயங்க மறுக்கும். இதனைக் கடுமையென்று குறைகூறுவாருமுளர். கண்டும் காணாததுபோல் இயங்கின் யாது விளையும்? முதன்மைச் சர்வரின் நகலாய் நிற்கவேண்டியது, தானே முதன்மையாய் எழுந்து புதிய பதிவுகளை ஏற்கும்; இரண்டன் கணக்கும் வேறுபடும்; எது மெய்யெனத் தெளிதல் அரிதாகும்.

ஆதலின், ஏற்க இயலுமிடத்துப் பழம்பெயரைப் பேணுக. இயலாதவிடத்து வெளிப்படையாய் மறுக்க. வாய்திறவாது புறக்கணித்தலே பெருங்குற்றம். மென்பொருள் இயற்றப் புகும் நம் மாணாக்கர் இதனை உளங்கொள்வாராக.