நிழற்குடை வந்தாச்சு, பஸ் எங்கே?

"எங்க எம்.எல்.ஏ. அப்படி என்னதான் செஞ்சார்?" தேர்தல் நெருங்கும்போது டீக்கடைகளில் கேட்கிற கேள்வி. பதிலாக ஒரு பட்டியல் வரும்: நிழற்குடை, ரேஷன் கடைக் கட்டடம், உயர்கோபுர மின்விளக்கு. எல்லாவற்றின் நெற்றியிலும் அவர் பெயர் இருக்கும். (நிழற்குடையில் பெயரைத் தேட வேண்டியதில்லை, பஸ் வரும் நேரத்தைத்தான் தேட வேண்டும்.)

இந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது? தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து. தமிழகத்தில் ஓர் எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். முன்பு இரண்டரைக் கோடியாக இருந்தது. பலர் நினைப்பதுபோல் இந்தப் பணம் அவர் கைக்கு வருவதில்லை. எந்த வேலை வேண்டும் என்று அவர் பரிந்துரைப்பார். மாவட்ட நிர்வாகம் மதிப்பீடு போட்டு, அனுமதி தந்து, டெண்டர் விட்டுச் செய்யும்.

3 கோடி பெரிய தொகையாகத் தெரியலாம். 234 பேருக்கும் சேர்த்தால் 702 கோடி. 2021 தேர்தலின்போது மாநிலத்தில் இருந்த வாக்காளர்கள் 6 கோடிக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 110 ரூபாய் சொச்சம்தான்.

தொகை குறைவு என்பதைவிட, அதை வைத்து எதைச் செய்ய முடியாது என்பதுதான் முக்கியம். வகுப்பறை கட்டலாம், வாத்தியாரைப் போட முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பலாம், இரவு நேரத்துக்கு டாக்டர் கொண்டுவர முடியாது. மேல்நிலைத் தொட்டி கட்டலாம், மோட்டார் போடுபவருக்கு மாதச் சம்பளம் தர முடியாது. பெரும்பாலும் செங்கல்லும் சிமென்ட்டும்தான் இந்த நிதியின் எல்லை. ஆனால் ஒரு மாவட்டம் தவிப்பது பெரும்பாலும் ஆளுக்கும் பஸ்சுக்கும் தண்ணீருக்கும்தான்.

அவற்றை வாங்கும் இடம் சட்டமன்றம். கேள்வி நேரத்தில், "எங்கள் ஒன்றியத்தில் காலியாக உள்ள மருத்துவர் பணியிடங்கள் எத்தனை?" என்று ஓர் உறுப்பினர் கேட்டால், அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகத் துறை கோப்பைத் தூசி தட்டும். மானியக் கோரிக்கை விவாதம், கவன ஈர்ப்புத் தீர்மானம் என்று வேறு வழிகளும் உண்டு. அமைச்சர் "ஆவன செய்யப்படும்" என்று சொல்லிவிட்டுப் போனாலும் விஷயம் முடிந்துவிடாது. அவையில் தந்த உறுதி நிறைவேறியதா என்று பார்ப்பதற்கே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மாவட்டங்களுக்கு நேரில் வந்து ஆய்வும் செய்கிறது. அந்தக் குழு தன் மாவட்டத்துக்கு வரும் நாளில் பழைய உறுதிமொழிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும் எம்.எல்.ஏ., பத்து நிழற்குடை திறந்தவரைவிட அதிகம் செய்தவர் என்பது நம் கருத்து.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நீண்டகாலமாக நிறைவேறாத 10 முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் தரச் சொன்னார். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த பத்தில் எதை எழுதிக் கொடுத்தார் என்று தன் தொகுதி மக்களிடம் முன்கூட்டியே கேட்ட எம்.எல்.ஏ. உங்களுக்குத் தெரியுமா?

மனு கொடுக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். கட்டடமோ சாலையோ என்றால், "தொகுதி நிதியில் பரிந்துரை செய்யுங்க" என்று கேளுங்கள். ஆசிரியர், மருத்துவர், பஸ் என்றால், "சட்டமன்றத்துல கேள்வியா கேளுங்க" என்று எழுதுங்கள். ஊர், துறை, எத்தனை வருஷமா இல்லை என்ற விவரங்களோடு. அதன் நகல் ஒன்றை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலும் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தொடர் முடிந்ததும் அந்த ரசீதோடு போய், "கேட்டீங்களா அண்ணே?" என்று விசாரியுங்கள்.