பறக்கும் திறன் யாருக்காக?

புனே நகரின் ஹடப்சர் பகுதியில், மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்துத் துறை உருவாக்கிய கிளைடர் பயிற்சி மையம் உள்ளது. எஞ்சின் இல்லாத விமானத்தைக் காற்றின் போக்கறிந்து செலுத்தும் கலை அது. சாமானியர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வானத்தைத் திறந்துவிடுவதே இத்தகைய பொது நிறுவனங்களின் நோக்கம்.

இதே கலையில் உலகப் புகழ் பெற்றவர், ஜெர்மானியப் பெண் விமானி ஹன்னா ரைட்ச் (1912–1979). 1959இல் இந்தியா வந்த அவர், பிரதமர் நேருவை கிளைடரில் ஏற்றி டில்லி வானில் பறந்தார். 1936இல் முசோலினியைச் சந்திக்க மறுத்தவர் நேரு. 1938இல் பாசிசத்தை எதிர்த்துப் போராடிய ஸ்பெயினுக்கே நேரில் சென்றவர். அவரை ஏற்றிச் சென்ற விமானியோ ஹிட்லரிடம் இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றவர்!

ரைட்ச் நாஜிக் கட்சியின் உறுப்பினரல்லர். தாம் வெறும் விமானி என்பதே அவரது வாதம். ஆனால் வரலாறு வேறு சொல்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனிக்கு விமானப்படையைத் தடை செய்தது. அப்போது வருங்காலப் போர் விமானிகள் உருவானது கிளைடர் திடல்களில்தான். இளைஞர்களின் விளையாட்டை நாஜி அரசு போர் ஆயத்தமாக மாற்றியது. அந்த அரசின் விமானப்படைக்காகப் புதிய விமானங்களைச் சோதித்தவர் ரைட்ச். 1944இல், விமானிகள் உயிரைக் கொடுத்து இலக்கைத் தகர்க்கும் தற்கொலைப் படைத் திட்டத்தை ஹிட்லரிடமே முன்வைத்தார். 1945 ஏப்ரலில், செஞ்சேனை சூழ்ந்த பெர்லினுக்குள் பறந்து சென்று, ஹிட்லரின் பதுங்கு அறையை அடைந்தார். அந்தச் சேவைக்காகப் பின்னாளிலும் அவர் வெளிப்படையாக வருந்தவில்லை.

அவரது துணிவையும் திறனையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் திறன் தனித்து நிற்பதில்லை. யாருடைய கட்டளைக்கு அது பணிகிறது என்பதே கேள்வி. ‘நான் தொழில்நுட்பக்காரன், அரசியல் எனக்கெதற்கு?’ என்னும் சமாதானம், கொடுங்கோன்மைக்குக் கிடைக்கும் மலிவான கூலியாள். போர் வெறியும் தேசிய வெறியும் வீரமெனப் போற்றப்படும் இன்றைய இந்தியாவில் இப்பாடம் பழையதாகிவிடவில்லை.

நிலமதிப்பு விண்ணை முட்டும் ஹடப்சரில் அந்தத் திடல் லாபவேட்டைக்கு இரையாகாமல் காக்கப்பட வேண்டும். அறிவியலும் வானமும் மக்களின் பொதுச்சொத்து. அவை சர்வாதிகாரிக்கும் உரியவை அல்ல, பெருமுதலாளிக்கும் உரியவை அல்ல.