மகனை மறந்த தந்தை

திருச்செங்கோட்டு ரிக் வண்டி பாறையைத் துளைக்க எங்கெங்கோ போகிறது. மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் உழைத்த தொழிலாளி ஊர் திரும்புகிறான். வாசலில் தந்தை. “ஆரப்பா நீ?” என்கிறார். பெற்ற மகனைப் பார்த்துக் கேட்கிறார்!

ஊர் என்ன சொல்கிறது? “வயசானா அப்படித்தான்” என்கிறது ஒரு வாய். “காத்துக் கருப்பு, மந்திரிச்சாப் போகும்” என்கிறது மற்றொன்று. “மருமகள் சோறு போடுவதில்லை” என்கிறது மூன்றாவது. உண்டதை மறந்து பெரியவர் தெருவில் முறையிட, அவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்டவள் பழி சுமக்கிறாள்!

தோழர்களே! தறியில் நூல் சிக்கினால் பேயோட்டியையா அழைக்கிறோம்? 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர், மறதியால் துன்புற்று இறந்த ஒரு பெண்ணின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். படிவுகளையும், சிக்குண்ட நரம்பிழைகளையும் கண்டார். பேயைக் காணவில்லை, நோயைக் கண்டார்!

இந்தியாவில் 60 வயது கடந்தோரில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதிநோய் என்று 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு அல்சைமர்.

சாவி வைத்த இடத்தை மறப்பது யாருக்கும் உண்டு. சாவி எதற்கென்பதே மறந்தால், பழகிய சந்தில் வீடு தெரியாமல் திகைத்தால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அல்சைமரை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால், தடுமாற்றத்தைச் சில காலம் தணிக்கும் மருந்து உண்டு.

பணம் படைத்தவன் ஆள் வைத்துப் பார்ப்பான். தறிக்குப் போனால்தான் கூலி என்னும் வீட்டில் யார் பார்ப்பது? 2021 ஆகஸ்ட் 5இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்க்க வழி கண்டது தமிழ்நாடு. அதே வாசலில் நினைவாற்றலையும் சோதிக்க வேண்டும்! வட்டந்தோறும் முதியோர் பகல்நேரக் காப்பகம் வேண்டும்! இதைக் கேட்பது நம் கடமை.

கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். பெரியவரை அறையில் பூட்டாதீர்கள். சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வையுங்கள். வழி தவறியவரைக் கேலி செய்யும் கூட்டத்தை விலக்கி, கைப்பிடித்து வீடு சேருங்கள்.

அவர் நம்மை மறந்தது நோயால். நாம் அவரை மறந்தால், அதற்கு என்ன பெயர்?