படம் இருந்தது, பதிவு இல்லை



என்னிடம் படித்த ஒரு தம்பி கொழும்பில், ஒருகொடவத்தையில் வாடகை அறையில் இருக்கிறார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் களனி கங்கை பெருகி, அவர் அறைக்குள்ளும் வெள்ளம் வந்தது. அன்று கைத்தொலைபேசியில் எடுத்த படங்களைப் போன வாரம் எனக்குக் காட்டினார். முதல் படத்தில் வாசல்படி நனைந்திருக்கிறது. அடுத்ததில் கட்டில் கால் மூழ்கிவிட்டது. கடைசிப் படத்தில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். பக்கத்து வீட்டு மாடியில் நின்று எடுத்தாராம்.

"உங்கள் அம்மா அப்பா இருந்த லயத்தின் படம் எங்கே தம்பி?" என்று கேட்டேன். ஒன்றுமில்லை. அதே நாட்களில் மலையில் லயத்துச் சுவர் வெடித்து, பின்பக்கம் மண் இறங்கியது. மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. பாதை திறந்து அதிகாரிகள் வருவதற்குள் அவர்களே மண்ணை அள்ளிவிட்டார்கள். "சேதம் எங்கே?" என்ற கேள்விக்குக் காட்ட எதுவுமில்லை.

அந்தப் புயலில் நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவு பல உயிர்களைப் பறித்தது. ஆகவே ஒரு வேண்டுகோள். மழைக்காலத்துக்கு முன்பே உங்கள் லயத்தை நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். மண்ணிலும் சுவரிலும் வெடிப்புத் தெரிந்தால் உடனே எடுங்கள். ஆனால் படத்துக்காக ஆபத்தான இடத்தில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். தோட்டம், டிவிஷன், லய இலக்கம், திகதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த நேரத்தின் பதிவு தங்காது. போனிலுள்ள மூலப்படத்தை அழிக்காதீர்கள். ஒரு பிரதியைத் தோட்டக் கமிட்டியிடம் கொடுங்கள்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையை மறக்க முடியுமா? அந்த மலை ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்தபோது லயங்கள் அங்கேயேதான் இருந்தன. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இல்லை, சிலருக்குப் பெற்றோரும் இல்லை. அங்கே சாட்சிக்கா குறை? மக்களை இடம் மாற்றப் பாதுகாப்பான காணி கொடுக்கப்படவில்லை.

பாதிக்கப்பட்டவனே படம் காட்டித் தன் வீட்டை நிரூபிக்க வேண்டிய நிலை ஏன்? தலைமுறை தலைமுறையாக இருந்தும் அந்தக் கூரை நம் பெயரில் இல்லை. நிவாரணப் படிவத்தில் "வீட்டு உரிமையாளர்" என்ற இடத்தில் நாம் என்ன எழுதுவது?

படங்களைச் சேர்ப்போம். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, பாதுகாப்பான இடத்தில் காணி, உறுதிப்பத்திரத்தோடு தனி வீடு, சொந்த முகவரி என்று கேட்போம். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் போனையும் கொண்டு வாருங்கள்.