பேச்சு வராத பிள்ளைக்கும் தாய்மொழி உண்டு

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று கேட்டார்கள் நம் முன்னோர். பிள்ளையின் பேச்சு வளர்ச்சியைப் பொறுத்தவரை, ஐந்து வயதுகூடத் தாமதம்தான் என்பேன்.

செமினியில் ஆரம்பகாலப் பயிற்சி மையம் ஒன்றில் பணியாற்றுகிறேன். இங்கு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் குறை எதுவும் தெரியாது. ஓடுவார்கள், சிரிப்பார்கள். ஆனால், சிலர் பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டார்கள். வேண்டியதைச் சுட்டிக்காட்ட மாட்டார்கள். இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச மாட்டார்கள். ஆட்டிசம், மொழி வளர்ச்சிக் குறைபாடு போன்றவை கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான், “அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று பாட்டி சமாதானம் சொல்கிறார். “செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டீங்க” என்று அக்கம்பக்கத்தார் தாயைக் குறை கூறுகின்றனர். காலமோ காத்திருப்பதில்லை.

நாட்டில் வழியில்லாமல் இல்லை. அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில் 18 மாதக் குழந்தைக்கே ஆட்டிசம் தொடர்பான கேள்வித்தாள் உண்டு. 1984இல் திரெங்கானு, பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வு மையங்கள் நாடெங்கும் பரவியுள்ளன. 2008இல் மாற்றுத் திறனாளிகளுக்கெனச் சட்டமும் வந்தது. சமூகநல இலாகா வழங்கும் ஓ.கே.யூ. அட்டையில் ஆட்டிசமும் ‘கற்றல் குறைபாடு’ என்ற பிரிவில் அடங்கும். ஆனாலும் ‘ஊர் என்ன சொல்லும்?’ என்ற பயம் பல பெற்றோரைத் தடுக்கிறது.

இதில் தமிழ்ச் சங்கத்திற்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு, நண்பர்களே!

“வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு பெற்றோர் வருகின்றனர். இரு மொழிகள் கேட்டு வளர்வதால் ஆட்டிசமுள்ள பிள்ளையின் பேச்சு பின்தங்குகிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. பயிற்சி என்பது மையத்தில் கழியும் ஒரு மணி நேரம் மட்டுமன்று. சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் தாய் பேசுகிறாளே, அதுவே பெரும் பயிற்சி. தமிழில் வாழும் தாயை அரைகுறை ஆங்கிலத்தில் பேசச் சொன்னால், அவள் பேச்சுதான் குறையும். பாட்டியோ பேரனிடம் பேசவே தயங்குவார்.

தமிழில் வழிகாட்டத் தெரிந்த பேச்சுச் சிகிச்சையாளரைத் தேடிப் பாருங்கள். எளிதில் கிடைக்க மாட்டார். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 1995இலேயே இத்துறைக்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. நாமோ இன்னும் மருத்துவம், சட்டம், பொறியியல் என்றே பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறோம். இது எளிய பணியன்று. ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கைதட்டலும் கிடைக்காது. ஆனால், நம் மொழியறிவு இவ்வளவு நேரடியாக ஒரு குடும்பத்திற்குப் பயன்படும் துறை வேறு எது?

துறை மாற முடியாதவர்களும் உதவலாம். பட்டிமன்றமும் கவியரங்கமும் நடத்தும் சங்கங்கள், ஒரு வார இறுதியில் பயிற்சிப் பட அட்டைகளையும் பெற்றோருக்கான கையேட்டையும் எளிய தமிழில் உருவாக்கித் தரலாமே!

‘தமிழ் வாழ்க’ என மேடையில் முழங்குகிறோம். மூன்று வயதில் முதன்முறையாக “தண்ணி” என்று கேட்கும் பிள்ளையின் வாயிலும் அது வாழ வேண்டாமா?